கயிற்றோரம் நின்ற நீலச் சட்டை

நடுக்கடலில் நலமாக இருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது நீ கேட்பதற்குள் என் வாயால் கேட்டுவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும். சதுரங்கப் பலகையில் ராஜா எது, ராணி எது என்று தெரியாத ஆள் நான் என்று நேற்று மத்தியானம் மூன்று பேர் முன்னிலையில் நிரூபணமாகிவிட்டது. பாடுபட்டு நிரூபித்தவனும் நான்தான். பெண்ணின் ஆட்டத்தைப் பற்றிப் பேசிப் பேசியே கடையில் பாதி மூக்குக்கண்ணாடிகளை விற்றவன் நான் என்பது உனக்குத் தெரியும். சிரிக்காதே. மருந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு படி, கப்பல் ஆடும்.

உன் கப்பலில் ஆன்டெனா பழுதாகிவிட்டது, போன் போகாது, கடிதம் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் தபால் பையில் ஏற்றிவிடுகிறோம் என்று கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். கப்பல் நர்ஸுக்கே கடிதமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று அங்கிருந்தவர் கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, வாய்க்குத்தான் வியாதி, சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் கம்பெனியில் சிரிக்கிறவர்களையெல்லாம் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. உன் புத்தி எனக்குத் தெரியும். நான் பட்ட பாட்டை நீயும் வரிசையாகப் படு.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கடைசிச் சுற்றில் வழுக்கித்தான் மாநில அணியில் நம் பெண்ணின் இடம் போனது. இந்தத் தடவையும் போனால் பலகையைப் பரணில் ஏற்றிவிடுவேன், அதற்கப்புறம் வீட்டில் யாரும் செஸ் என்ற பேச்சை எடுக்கக்கூடாது என்று, போட்டிக்குக் கிளம்பின அன்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னாள். உன் குரலில் சொன்னாள்.

நீ கப்பல் ஏறுகிற அன்று எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. வெளியே உட்காருங்க, உள்ளே பார்க்கறவங்களுக்குக் கட்டியிருக்கிற கயிற்றுப் பக்கம் மட்டும் போகாதீங்க. சரி என்று தலையாட்டினேன். கடைசி நாள் வரைக்கும் அந்தத் தலையாட்டலைக் காப்பாற்றவும் செய்தேன்.

ஆடுகிற அறைக்கு எதிரில் பெற்றோர் உட்கார ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டீ மெஷின், சுவரில் பெரிய திரை. முன்னணிப் பலகைகளுக்கெல்லாம் அடியில் ஒயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு காய் நகர்ந்தால் இங்கே திரையிலும் நகரும். மற்றவர்கள் அந்தத் திரையைப் பார்த்தார்கள். நான் ஆட்டக்காரர்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவர்கள் மூக்கைப் பார்த்தேன். முதல் பலகையில் ஆடுகிற பையன் மைனஸ் ஆறு, ஆனால் எட்டு வயதில் போட்ட பிரேமையே இன்னும் போட்டிருக்கிறான், காதோரம் பள்ளம் விழுந்துவிட்டது. அவனை எல்லாரும் மேதை என்கிறார்கள். அவன் அப்பா ஒரு பல் டாக்டர். ஊரார் பல்லையெல்லாம் நேராக்குகிறவருக்குப் பிள்ளையின் கண்ணாடி கோணலாக இருப்பது தெரியவில்லை. என்னத்தைச் சொல்ல.

அந்தப் பல் டாக்டர்தான் எனக்கு ‘மாஸ்டர்’ என்று பட்டம் கட்டினவர். காரணம் இதுதான். தொப்பிக்குள் ஒரு சின்ன இயர்போனை மாட்டிக்கொண்டு இணையத்தில் ஒருவர் சொல்கிற வர்ணனையைக் கேட்பேன். தொப்பி எதற்கென்று கேட்காதே, இயர்போனை மறைக்கிற அளவுக்கு என் தலையில் என்ன இருக்கிறது? அவர் சொன்னதை ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் தாமதித்து, ஒரு பெருமூச்சும் சேர்த்து, அந்த மந்திரிக்கு இனிமேல் மூச்சு முட்டும் என்பேன். கொஞ்ச நேரத்தில் முட்டும். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் வர்ணனை நின்றுபோன சமயத்தில் சொந்தச் சரக்கையும் எடுத்துவிட்டேன். நம்ம பொண்ணு ராணியை மூலையில் பத்திரமா உட்கார வச்சுட்டா, இனி பயமில்லை என்றேன். பல் டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, மாஸ்டர் ரொம்ப ஆழமா பார்க்கறீங்க என்றார். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

கடைசிச் சுற்றில் நம் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தது பேங்க் அம்மாவின் பெண். பேங்க் அம்மாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன், மானேஜர், டீயைக்கூடக் கையெழுத்துப் போட்டு வாங்குகிற மாதிரி வாங்குவார். டிரா ஆனால் நம் பெண்ணுக்கு அணியில் இடம். அவர் பெண்ணுக்கு ஜெயித்தால்தான் இடம். அதனால் அன்று காலையிலிருந்து அந்த அம்மா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே டீ மெஷினுக்கு இரண்டு பேரும் மாறி மாறிப் போய் வந்தோம்.

மத்தியானம் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. வர்ணனைக்காரர் நம் பெண்ணின் நிலைமையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த ஆரம்பித்தார். நீ நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுவாயே, அந்த மாதிரி. என்னால் உட்கார முடியவில்லை. போனையும் இயர்போனையும் வாசலில் கொடுத்துவிட்டு, நீ பிறந்தநாளுக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராகப் போய்க் கயிற்றோரம் நின்றுவிட்டேன். திட்டு. ஊருக்கு வந்து நிதானமாகத் திட்டு.

பார்க்கிறவர்கள் மூச்சு விடாமல் நிற்கலாம், கயிற்றைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். நான் நின்ற இடத்திலிருந்து நம் பெண்ணின் முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. யோசனை முற்றினால் கண்ணாடியைக் கழற்றி அதன் சிவப்புக் கூட்டின்மேல் வைத்துவிட்டு, பலகைமேல் கவிழ்ந்து உட்காருவாளே, அப்படி உட்கார்ந்திருந்தாள். எதிரே பேங்க் அம்மாவின் பெண்ணின் முகம் நன்றாகத் தெரிந்தது. அங்கேதான் வினை.

அந்தப் பெண்ணின் கண்ணாடியில் இடதுபக்கத் திருகு தளர்ந்துபோயிருந்தது. குனியும்போதெல்லாம் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வரும். அவள் விரலால் தள்ளுவாள். மறுபடி வழுக்கும். மறுபடி தள்ளுவாள். தாயே, உனக்குத் தெரியாதா என்னை? பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மூக்கில் கோணல் கண்ணாடி இருந்தாலே இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறவன் நான். எதிராளியின் பெண், நம் பெண்ணின் எதிர்காலம், கயிறு, சட்டம் எல்லாம் மறந்துபோனது. அவள் நிமிர்ந்தபோது என் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன். அப்புறம் இடது காதைக் காட்டினேன். விரலால் திருகுவதுபோல் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. பையிலிருந்த குட்டித் திருப்புளியை எடுத்து உயர்த்தி, ஒரே ஒரு சுற்று போதும் என்று ஒற்றை விரலைக் காட்டினேன். அந்தப் பெண் மிரண்டுபோய்ப் பலகையைப் பார்த்துக் குனிந்தாள். கண்ணாடி வழுக்கியது.

அப்போதுதான் நம் பெண் திரும்பினாள். இதை மட்டும் நான் கேலி இல்லாமல் எழுத வேண்டும். எதிராளி யாரைப் பார்க்கிறாள் என்று பார்க்கத் திரும்பியிருப்பாள். திரும்பினவள் என்னைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, கூர்ந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அத்தனை கூட்டத்துக்குள் என் முகத்தைத் தேடுவாளே, அதே பார்வை. இந்தப் போட்டி முழுவதும் என்னிடம் சரியாக நாலு வார்த்தை பேசாத பெண். அப்பா இருக்கேன், ஆடு என்று நான் மனசுக்குள் சொன்னேன். அது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், தலைமை நடுவர் இரண்டு பெண்களுக்கும் பக்கத்தில் நிற்கிறார். அடுத்த நிமிஷம் என் பக்கத்தில் நிற்கிறார். குரலை உயர்த்தாத ரகம் அந்த அம்மா. சார், கொஞ்சம் வாங்க என்று, ஆபரேஷனுக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

நாற்காலிகளும் காய்ப் பைகளும் அடுக்கின ஒரு சின்ன அறை. கயிற்றோரம் நின்று நீங்கள் சைகை காட்டுவதாக ஆடுகிறவர் ஒருவர் புகார் சொல்லியிருக்கிறார், உண்மையானால் ஒரு ஆட்டமே ரத்தாகலாம் என்றார். என் காதில் ரத்து என்பது மட்டும்தான் விழுந்தது. பேங்க் அம்மாவின் பெண் கையைத் தூக்கிவிட்டாள் என்று புரிந்துபோனது. நல்லது செய்யப் போனேன் பார். பரண் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதில் பலகை, பலகைமேல் தூசி.

அங்கே ஆடுவது யார் உங்களுக்கு என்று கேட்டார். பின்னல் போட்டிருக்கிறவள் என் பெண் என்றேன். நடுவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பொண்ணா உங்க பொண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றார். இந்த மூஞ்சிக்கு அப்படி ஒரு பெண்ணா என்று திகைக்கிறார் என நினைத்து, அவள் அம்மா ஜாடை என்றேன்.

பையில் இருப்பதை எடுக்கச் சொன்னார். திருப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் செஸ் ஆடவே தெரியாதம்மா, நான் என்ன சைகை காட்ட முடியும் என்றேன். சரி என்று சொல்லிக் கூடத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். யார் வந்தார்கள் என்று நினைக்கிறாய்? பல் டாக்டர். பேங்க் அம்மா.

பல் டாக்டர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என் கழுத்தில் கயிற்றைப் போட்டார். இவரைப் போய்ச் சந்தேகப்படறீங்களே, இவர் பெரிய மாஸ்டர், நாங்க எல்லாம் இவர் சொல்லித்தான் ஆட்டத்தையே புரிஞ்சுக்கறோம் என்றார். நடுவரின் புருவம் ஏறியது. பிறகு என்னிடம் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார். உங்களுக்கும் இந்த அம்மாவுக்கும் எவ்வளவு நாள் பழக்கம் என்றார். பேங்க் அம்மாவின் முகம் போன போக்கை நீ பார்க்க வேண்டுமே. இந்த ஆளோடயா, எனக்கா என்று மூன்றே வார்த்தையில் என்னைப் புழுவாக்கிவிட்டார். நீ ஒன்றும் கற்பனை பண்ணாதே. டீ மெஷினைத் தவிர எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

வேறு வழியில்லை. தொப்பியைக் கழற்றினேன். இயர்போன், வர்ணனை, பெருமூச்சு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பல் டாக்டர் தன் சொந்தப் பல் ஒன்று விழுந்த மாதிரி நின்றார். நடுவர் ஒரு பலகையை விரித்து, குதிரையை நகர்த்திக் காட்டச் சொன்னார். நகர்த்தினேன். அந்தக் குதிரை போன வழியில் எந்தக் குதிரையும் போனதில்லை என்று அவர்கள் முகத்திலிருந்து தெரிந்தது. வேண்டுமென்றே தப்பாக வைக்கிறாரோ என்று பேங்க் அம்மா சொன்னார். விடுவாரா. சரி, ராணியை எடுங்க என்றார் நடுவர். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. உயரமானதை எடுத்து நீட்டினேன்.

அது ராஜா சார் என்றார் பல் டாக்டர், மெதுவாக. இல்லையே டாக்டர், இதுதானே உயரம் என்றேன். உயரமா இருந்தா ராணியா என்று நடுவர் கேட்டார். எங்க வீட்டில் அப்படித்தாங்க என்றேன். பொய் இல்லையே. நம் கல்யாணப் போட்டோவில் நான் செங்கல்மேல் நிற்பது உனக்கும் போட்டோகிராபருக்கும்தான் தெரியும், இப்போது இவர்களுக்கும் தெரியும். நடுவர் அம்மா குனிந்து மேசைமேல் கைக்குட்டையைத் தேடினார். தோள் குலுங்கியது. இதை நடிக்க முடியாது என்று பேங்க் அம்மாவே தீர்ப்புச் சொன்னார்.

அப்படியானால் என்னதான் சைகை என்றபோது திருகைப் பற்றிச் சொன்னேன். நடுவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பெண் முகம் கழுவ எழுந்து வந்திருந்தாளாம், கண்ணாடியையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரே ஒரு சுற்று. சொன்னேன் இல்லையா. மூக்குப் பட்டையையும் கொஞ்சம் நெருக்கி, துடைத்துக் கொடுத்தேன். நடுவர் எடுத்துக்கொண்டு போனபிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. எதிரியின் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கயிற்றுப் பக்கம் இனி வரக்கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். உன் கட்டளையைத்தான் அந்த அம்மாவும் போட்டார், எனக்கு என்று எங்கும் ஒரே சட்டம். கூடத்தில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பேங்க் அம்மா, ஒரு பக்கம் பல் டாக்டர். இயர்போன் இல்லாமல் பார்க்கும்போது அந்தத் திரை எவ்வளவு பெரிது தெரியுமா. ஒவ்வொரு காயையும் பல் டாக்டரிடம் கேட்டேன். இது யாரு, இது எங்கே போகும் என்று. அவரும் பொறுமையாகச் சொன்னார். உயரமான ராஜாவை மட்டும் நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், அவனுக்கு ஏதாவது ஆனால் எல்லாம் போச்சு என்று சொல்லியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நம் ராஜா தன் மூலையை விட்டுக் குதித்து நடுப்பலகைக்கு வந்து நின்றான். எதிரி ராஜாவும் பறந்து வந்து முகத்துக்கு முகம் நின்றான். டாக்டர், ராஜா தெருவுக்கு வந்துட்டானே, கைகலப்பா என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். ஆட்டம் முடிந்தால் முடிவை ஒயர் மூலமாகச் சொல்வதற்காக இரண்டு ராஜாவையும் நடுவில் வைப்பார்களாம். ஒருத்தர் வெள்ளைக் கட்டத்திலும் ஒருத்தர் கறுப்புக் கட்டத்திலும் நின்றால் டிரா.

டிரா. அணியில் இடம். மூச்சு விடு. நானும் அப்போதுதான் விட்டேன்.

பேங்க் அம்மா எழுந்து போய் இரண்டு டீ எடுத்து வந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். கண்ணாடி சரியானப்புறம்தான் தோத்துக்கிட்டிருந்த ஆட்டத்தையாவது அவ பிடிச்சு நிறுத்தினா, உங்களுக்கு நன்றி சொல்றதா என்னன்னு தெரியலை என்றார். அதாவது கடைசியில் நம் பெண்தான் ஜெயிக்கிற நிலையில் இருந்தாளாம். வர்ணனைக்காரர் பரபரப்பில் குரலைத் தாழ்த்தினதை நம்பி நான்தான் பரண் வரைக்கும் போய்விட்டேன்.

நம் பெண் வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை, பசிக்குது. நீ எப்போதும் கேட்கிற கேள்விக்குப் பதில்: சாப்பிட்டாள். இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள், என் தட்டிலிருந்தும் எடுத்தாள். அப்படி எடுத்து எவ்வளவு நாளாயிற்று. வீட்டுக்கு வந்ததும் பலகையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்துவிட்டாள். நேற்று ராத்திரியிலிருந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பரணில் உன் பழைய பெட்டியும் என் எக்சர்சைஸ் சைக்கிளும் மட்டும்தான் இருக்கின்றன.

எனக்கு இப்போது ராணி எது என்று தெரியும். குட்டையாக இருந்தாலும் பலகை முழுக்க அவள்தான் ஓடிக்கொண்டிருக்கிறாள், ராஜா மூலையில் நின்று ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிறான். இதுவும் நம் வீடுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடல் உப்புக்கு உன் கண்ணாடியின் வலதுபக்கத் திருகு இந்நேரம் தளர்ந்திருக்கும். கப்பலில் யாராவது சரிசெய்து தருகிறேன் என்றால் கொடுத்துவிடாதே. பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு இரு. அதைத் திருக இங்கே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான்.

சுகமாகக் கரை வந்து சேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உன் கண்ணாடிக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நம் பெண் வாங்கிப் படித்துவிட்டு, மேசைமேல் விழுந்து சிரிக்கிறாள். புகார் சொன்னது பேங்க் அம்மாவின் பெண் இல்லையாம். இவளாம். நீலச் சட்டை போட்ட யாரோ ஒரு ஆள் என் எதிராளிக்கு மூவ் சொல்லித் தருகிறார் என்று கையைத் தூக்கினாளாம். அப்பாவைத் தெரியவில்லையா என்று கேட்டேன். அந்தச் சிவப்புக் கண்ணாடிக் கூட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவள் பவர் மைனஸ் இரண்டரை. சோதித்துச் சீட்டு எழுதியவன் நான்தான்.